முடிவு செய்யாதவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் பிரைமரி, அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல், நெருங்கும்போது வீட்டு போன் ஓயாது. பாதி அழைப்புகள் வேட்பாளர்களின் ஆட்களிடமிருந்து வரும், மீதி கருத்துக்கணிப்புக்காரர்களிடமிருந்து. 2020 ஜனவரியில் ஒரு மாலை நானும் ஒரு கணிப்புக்குப் பதில் சொன்னேன். பேசிய பெண்மணி தன் திரையில் இருந்ததை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் வாசித்தார். ஓட்டுப் போடுவீர்களா, எவ்வளவு நிச்சயம், எந்தக் கட்சியின் பிரைமரியில் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, "யாருக்கு என்று உறுதியாக முடிவு செய்துவிட்டீர்களா, ஒருவர் பக்கம் சாய்ந்திருக்கிறீர்களா, இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறீர்களா?" என்றார். யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். "சரி, தேர்தல் இன்றைக்கே நடக்கிறது என்றால் யாருக்குப் போடுவீர்கள்?" என்று கேட்டு, பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். பட்டியல் நீளமானது. முடிந்ததும் ஒரு பெயரைச் சொன்னேன். அந்த நிமிடத்தில் அது பொய்யில்லை. ஆனால் என் மனதில் மூன்று பேர் இருந்தார்கள், மூவரையும் எனக்குப் பிடித்திருந்தது, அன்று காலை செய்தியில் யாரைப் பார்த்தேனோ அவர் பெயர்தான் வாயில் வந்தது.

சில நாள் கழித்து, நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் என் மச்சினன் ஒரு படத்தை வாட்ஸப்பில் அனுப்பினான். வண்ணப் பட்டைகள், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு சதவீதம், அடியில் மெல்லிய சாம்பல் பட்டையாக 'முடிவு செய்யாதவர்கள்'. "உங்க ஊர்ல மேட்டர் முடிஞ்சுது போல மாமா, நல்ல லீடு" என்று எழுதியிருந்தான். நான் பதில் சொன்ன கணிப்பு அதுதானா என்று தெரியாது. ஆனால் அதில் இருந்த ஏதோ ஒரு வண்ணப் பட்டைக்குள் என்னைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். முடிவு செய்யவில்லை என்று சொன்னவர்கள், இன்னொரு முறை கேட்டதால் ஒரு பெயரைச் சொன்னவர்கள். அந்தச் சாம்பல் பட்டை அவ்வளவு மெலிசாக இருந்ததற்குக் காரணமே அந்த இரண்டாவது கேள்விதான். இது அன்றிலிருந்து மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

எட்டில் ஒருவரா, ஐந்தில் மூவரா

அதே 2020 ஜனவரியில், அயோவா காக்கஸுக்கு (கட்சிக்காரர்கள் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம்) சில வாரங்கள் முன்பு வந்த, அந்த மாநில நாளிதழான டெமாய்ன் ரெஜிஸ்டரின் கணிப்பை எடுத்துக்கொள்வோம். கணிப்பாளர் ஆன் செல்சர் நடத்தியது. அந்தக் காலத்தில் அயோவாவில் அவர் எண்ணுக்கு இருந்த மரியாதை வேறு யாருக்கும் கிடையாது. ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்டவர்களில் சாண்டர்ஸ் 20, வாரன் 17, புட்டிஜஜ் 16, பைடன் 15. தலைப்புச் செய்திகள் எல்லாம் 'சாண்டர்ஸ் முன்னிலை' என்றே வந்தன. யார் பெயரும் சொல்லாதவர்கள் 13 சதவீதம், அதாவது எட்டுப் பேரில் ஒருவர். அந்த அளவு என்றால் பயப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும்.

ஆனால் செல்சர் இன்னொரு கேள்வியும் கேட்டிருந்தார். மனதில் முடிவாகிவிட்டதா, இல்லை வேறு ஒருவரை ஆதரிக்கும்படி உங்களை இன்னும் இணங்கவைக்க முடியுமா? முடிவாகிவிட்டது என்றவர்கள் 40 சதவீதம்தான். மாறலாம் என்றவர்கள் 45 சதவீதம். இந்த 45-ஐயும் பெயரே சொல்லாத 13-ஐயும் கூட்டினால் 58. ஐந்து பேரில் ஏறக்குறைய மூன்று பேர் இன்னும் கடைத்தெருவில்தான் நிற்கிறார்கள், கையில் ஒரு பொருள் இருக்கிறது, பில் போடவில்லை. இப்படிப் பார்த்தால் 20-க்கும் 15-க்கும் நடுவில் இருக்கும் ஐந்து புள்ளி இடைவெளிக்கு என்ன அர்த்தம் மிச்சம் இருக்கிறது?

இதை எல்லாக் கணிப்புகளும் கேட்பதில்லை. கேட்டாலும் அது முதல் பக்கத்துக்கு வருவதில்லை. சாம்பல் பட்டையின் நீளத்தை வாக்காளர்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை, கேட்கிறவரும் சேர்ந்தே தீர்மானிக்கிறார். போனில் 'தெரியாது' என்பதை ஒரு பதிலாக வாசிக்க மாட்டார்கள், நீங்களாகச் சொன்னால் குறித்துக்கொள்வார்கள். இணையக் கணிப்பில் அதே 'தெரியாது' கண்ணெதிரே ஒரு பொத்தானாக இருக்கும், விரல் எளிதாக அங்கே போகும். சிலர் 'அப்படியானால் யார் பக்கம் சாய்வீர்கள்' என்று ஒரு தள்ளு தள்ளுவார்கள், சிலர் தள்ள மாட்டார்கள். அதனால் ஒரே வாரத்தில் ஒரே மாநிலத்தில் ஒரு கணிப்பு 5 சதவீதம் முடிவு செய்யவில்லை என்றும் இன்னொன்று 25 சதவீதம் என்றும் சொன்னால், இரண்டுமே நேர்மையான கணிப்பாக இருக்க முடியும். இரண்டையும் பக்கத்தில் வைத்து 'முடிவு செய்யாதவர்கள் குறைந்துவிட்டார்கள்' என்று செய்தி வாசிப்பதுதான் தவறு.

நவம்பர் பொதுத் தேர்தலில் இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் பாதி முடிவைக் கட்சிப் பெயரே எடுத்துவிடுகிறது. தன் கட்சிக்காரர் சுமாராகப் பேசினாலும் அவருக்குத்தான் ஓட்டு. பிரைமரியில் எல்லோரும் ஒரே கட்சி. ஒருவரை விட்டு இன்னொருவரிடம் போக, கொள்கையைத் தாண்ட வேண்டியதில்லை, வீட்டில் சண்டை வராது. கூடவே, பிரைமரி வாக்காளர் மற்ற வாக்காளர்களையும் பார்த்துக்கொண்டே இருப்பார்: யார் ஜெயிக்கக்கூடியவர், யாருக்குப் போட்டால் ஓட்டு வீணாகும் என்று. அவர் அதைத் தெரிந்துகொள்வதும் கணிப்பைப் பார்த்துத்தான். அமெரிக்க அதிபர் பிரைமரிக் கணிப்புகள் இறுதி இடைவெளியில் சராசரியாக ஒன்பது புள்ளி அளவுக்குத் தவறுகின்றன, பொதுத் தேர்தலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்காகக் கணிப்பாளர்களைத் திட்டுவது எனக்குப் பிடிக்காது. உறையாத தயிரை அளக்கச் சொன்னால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம்

2020 பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை இரவு. மான்செஸ்டரில் உள்ள செயின்ட் ஆன்செல்ம் கல்லூரியில் வேட்பாளர் விவாதம். நாலு நாளில், 11-ஆம் தேதி, வாக்குப்பதிவு. அயோவா முடிவுகள் ஒரு செயலியின் கோளாறால் நாள்கணக்கில் இழுத்து, யாருக்கும் முழு வெற்றிக் களை கிடைக்காமல் போயிருந்தது. மினசோட்டா செனட்டர் ஏமி க்ளோபுச்சார் அதுவரை எங்கள் மாநிலக் கணிப்புகளில் பெரும்பாலும் ஐந்தாவது இடத்தில் இருந்தார். முடிவுரையில் அவர் ஒரு பழைய கதையைச் சொன்னார். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் உடல் ரயிலில் போகிறது. தண்டவாளத்தின் ஓரம் ஒருவர் தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு அழுகிறார். உங்களுக்கு அதிபரைத் தெரியுமா என்று ஒரு நிருபர் கேட்கிறார். எனக்கு அவரைத் தெரியாது, அவருக்கு என்னைத் தெரியும் என்கிறார் அந்த மனிதர்.

மறுநாள் காலை எங்கள் தெருவில் பனி ஒதுக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை, மண்வெட்டியை ஊன்றி நின்று இந்தக் கதையை எனக்கு மறுபடி சொன்னார். அவர் பல மாதமாக பைடன் ஆள். வாசலில் பைடன் பலகை இருந்தது. எந்தக் கணிப்பில் கேட்டிருந்தாலும் பைடன் என்றுதான் சொல்லியிருப்பார், 'உறுதி' என்றும்கூடச் சொல்லியிருக்கலாம். அன்று காலை அவர் அப்படிப் பேசவில்லை. "நான் எதற்காக பைடனைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்றால், ஜெயிப்பார் என்று எல்லோரும் சொன்னதால். அயோவாவில் அவர் ஜெயிக்கவில்லையே" என்றார். முடிவு செய்யாதவர் பட்டியலில் ஒருநாளும் இல்லாத ஒரு வாக்காளர், மூன்று நாள் இருக்கும்போது என் கண்ணெதிரே அதில் வந்து சேர்ந்தார். பலகையை அவர் எடுக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் மாறவில்லை.

அந்த வார இறுதிக் கணிப்புகளில் க்ளோபுச்சாருக்கு ஒன்று 7 சதவீதம் தந்தது, வேறு சில 14 வரை தந்தன. வாக்கு எண்ணியபோது 20-ஐத் தொட்டார். சாண்டர்ஸ் ஏறக்குறைய 26, புட்டிஜஜ் 24, க்ளோபுச்சார் மூன்றாவது. வாரன் 9, பைடன் 8. வாக்குச்சாவடியிலிருந்து வெளியே வந்தவர்களிடம் கேட்டபோது, சுமார் பாதிப் பேர் கடைசிச் சில நாளில்தான் முடிவு செய்ததாகச் சொன்னார்கள். சாம்பல் பட்டையில் இருந்தவர்கள் மட்டும் நகர்ந்திருந்தால் இவ்வளவு பெரிய நகர்வு வராது. வண்ணப் பட்டைகளும் சேர்ந்துதான் கரைந்தன.

நான் ஓட்டுப் போட்டது எங்கள் வார்டுப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில். எங்கள் மாநிலத்தில் எந்தக் கட்சியிலும் பதியாமல் இருக்கலாம். வாக்காளர்களில் பத்தில் நாலு பேர் அப்படித்தான். மேசையில் பெயரைச் சொன்னதும் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று கேட்பார்கள், அந்த இடத்தில் சொன்னால் போதும். கணிப்பாளருக்கு இதுவே ஒரு தலைவலி: யார் எந்தப் பக்கம் வருவார்கள் என்பதே கடைசி நிமிடம் வரை திறந்திருக்கிறது. ஜனநாயகக் கட்சிச் சீட்டில் 33 பெயர்கள். டிசம்பரிலேயே விலகிவிட்ட கமலா ஹாரிஸின் பெயரும் அதில் இருந்தது. மறைப்புக்குள் நின்று கொஞ்ச நேரம் அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் சொன்ன பெயருக்கு நான் போடவில்லை.

முன்னால் இருப்பவரின் எண்

சரி, அப்படியானால் கணிப்புகளைப் பார்க்கவே வேண்டாமா? நான் பார்க்கிறேன், விடாமல் பார்க்கிறேன். ஆனால் இடைவெளியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, முன்னால் இருப்பவரின் எண்ணை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்கிறேன். அதில் ஒரு விஷயம் அடிக்கடி கண்ணில் படுகிறது.

2008 நியூ ஹாம்ஷயர். நான் அப்போது எச்1பி விசாவில் இருந்தேன், ஓட்டு கிடையாது, ஆனால் ஊரே பேசியது. அயோவாவில் ஜெயித்த ஒபாமாவுக்குக் கடைசிக் கணிப்புகளின் சராசரி 38 சதவீதம், ஹிலாரி கிளின்டனுக்கு 30. எட்டுப் புள்ளி முன்னிலை. ஜனவரி 8 இரவு கிளின்டன் 39, ஒபாமா 36.5. 'கணிப்புகள் தோற்றன' என்று ஒரே கூச்சல். எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒபாமாவின் எண் கிட்டத்தட்ட சரி. தவறியது கிளின்டனின் எண் மட்டும். மிச்சம் இருந்தவர்களில் பெரும்பகுதி ஒரே பக்கம் போயிருக்கிறது. அமெரிக்கக் கணிப்பாளர் சங்கமே குழு போட்டு ஆராய்ந்து 2009-இல் அறிக்கை தந்தது. ஒற்றைக் காரணம் எதுவும் அவர்கள் சொல்லவில்லை. கணிப்புகள் சீக்கிரம் முடிந்தது, முதல் அழைப்பில் கிடைக்காமல் திரும்பத் திரும்பக் கூப்பிட்டால் கிடைப்பவர்களில் கிளின்டன் ஆதரவு அதிகம் இருந்தது, வாக்குச்சீட்டில் கிளின்டன் பெயர் மேலேயும் ஒபாமா பெயர் கீழேயும் இருந்தது என்று பலவற்றைப் பட்டியலிட்டார்கள். தேர்தலுக்கு முந்தைய நாள் போர்ட்ஸ்மத் காபிக்கடையில் கிளின்டன் கண் கலங்கியதை டிவி திரும்பத் திரும்பக் காட்டியது. அதனால் எத்தனை ஓட்டு வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த நேரத்துக்குள் பெரும்பாலான கணிப்புகளின் வேலை முடிந்திருந்தது என்பது மட்டும் உண்மை.

2025 நியூயார்க் மேயர் பிரைமரி இன்னும் தெளிவான உதாரணம். பிப்ரவரியில் எமர்சன் கல்லூரியின் கணிப்பில் முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ கோமோ 33 சதவீதம், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஜோரான் மம்தானி 1 சதவீதம். ஜூன் 24 வாக்குப்பதிவில், முதல் விருப்ப ஓட்டுகளை மட்டும் எண்ணும் முதல் சுற்றில், கோமோ 36, மம்தானி 43-க்கு மேல். நாலு மாதம், கோடிக்கணக்கான டாலர் விளம்பரம், எல்லாம் சேர்ந்து கோமோவின் எண் நகர்ந்தது மூன்று புள்ளி. பத்து வருடம் ஆளுநராக இருந்தவர், 2021-இல் பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டுகளால் பதவி விலகியவர். நியூயார்க்கில் அவரைத் தெரியாதவர்களே கிடையாது. அவரைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்தும் ஒருவர் 'இன்னும் முடிவு செய்யவில்லை' என்கிறார் என்றால், கோமோவைப் பொறுத்தவரை அவர் பதில் சொல்லிவிட்டார். இனி யார் என்று மட்டும்தான் தேடுகிறார்.

இங்கேதான் வழக்கமாகச் செய்யும் ஒரு கணக்கு என்னைக் கோபப்படுத்துகிறது. முடிவு செய்யாதவர்களை, மற்றவர்கள் பிரிந்த அதே விகிதத்தில் பிரித்துவிடுவது. ஒருவர் 30, அடுத்தவர் 20, மூன்றாமவர் 15, முடிவு செய்யாதவர் 35 என்று வைத்துக்கொள்வோம். விகிதப்படி பிரித்தால் 46, 31, 23 ஆகிவிடும். பத்துப் புள்ளி முன்னிலை ஒரு புது ஓட்டுகூட இல்லாமல் பதினைந்தாக வீங்கிவிடுகிறது! முன்னால் இருப்பவர் எல்லோருக்கும் தெரிந்த பழைய முகம் என்றால், அந்த 35-இல் அவருக்கு 5, அடுத்தவருக்கு 20, மூன்றாமவருக்கு 10 என்று போகவும் நிறைய வாய்ப்பு. அப்போது 35, 40, 25. அதே கணிப்பு, அதே வாக்காளர்கள், வேறு வெற்றியாளர். எது நடக்கும் என்று கணிப்பு சொல்லாது. முடிவு செய்யாதவர்களில் எத்தனை பேருக்கு எந்த வேட்பாளரைத் தெரியும், பிடிக்கும், பிடிக்காது என்பது உள்பக்க அட்டவணையில் இருக்கும். அங்கே போனால் ஓரளவு ஊகிக்கலாம்.

எல்லாத் தவறையும் முடிவு செய்யாதவர்கள் தலையில் கட்டவும் முடியாது. 2016 மிச்சிகனில் கிளின்டன் சுமார் 20 புள்ளி முன்னிலை என்றன கணிப்புகள். சாண்டர்ஸ் ஒன்றரைப் புள்ளியில் ஜெயித்தார். அங்கே முன்னால் இருந்த கிளின்டனின் எண்ணே பத்துப் புள்ளி தவறு. இளைஞர்களையும் கட்சி சாராதவர்களையும் குறைவாக எண்ணியதுதான் அங்கே முக்கியச் சிக்கல். முந்தைய போட்டியை வைத்து ஒப்பிடவும் வழியில்லை, 2008 மிச்சிகன் பிரைமரியில் தேதித் தகராறால் ஒபாமா பெயரே சீட்டில் இல்லை. நியூயார்க்கிலும் 10 லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது, அதில் கணிப்பாளர்கள் எதிர்பார்க்காத இளைஞர்கள் நிறைய. யார் வருவார்கள் என்பது ஒரு கேள்வி, வருகிறவர் யாருக்குப் போடுவார் என்பது இன்னொரு கேள்வி. பிரைமரியில் இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கின்றன.

இருபது பேர்

இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் யார் ஜெயிப்பார் என்ற ஆர்வம் மட்டுமல்ல. இந்த எண்கள் செய்தியாக நின்றுவிட்டால் பரவாயில்லை. 2020 ஜனவரி விவாத மேடையில் ஏற வேண்டுமென்றால், அங்கீகரித்த நான்கு கணிப்புகளில் 5 சதவீதம், அல்லது முதலில் வாக்களிக்கும் மாநிலங்களின் இரண்டு கணிப்புகளில் 7 சதவீதம் எடுத்திருக்க வேண்டும் என்று ஜனநாயகக் கட்சி விதி வைத்தது. நன்கொடையாளர் எண்ணிக்கை விதி தனி. போட்டியில் இருந்த செனட்டர் கோரி புக்கரிடம் நன்கொடையாளர்கள் இருந்தார்கள், கணிப்பு எண் இல்லை. விவாதத்துக்கு முந்தைய நாள் விலகினார். க்ளோபுச்சார் தாண்டினார்.

400 பேரிடம் எடுக்கும் கணிப்பில் 5 சதவீதம் என்றால் இருபது பேர். 4 சதவீதம் என்றால் பதினாறு பேர். நாலு பேர் வித்தியாசம். அந்த இருபது பேரில், என்னைப்போல 'யோசிக்கிறேன்' என்று சொல்லிவிட்டு இரண்டாவது கேள்விக்கு ஒரு பெயரைச் சொன்னவர்கள் எத்தனை பேர்? பெயர்ப் பட்டியலை வாசித்ததில் பிழை இருந்தால்? அப்படியும் நடந்தது. அதே பிப்ரவரி 1-ஆம் தேதி அயோவாவின் கடைசி டெமாய்ன் ரெஜிஸ்டர் கணிப்பை வெளியிடாமலேயே நிறுத்தினார்கள். கேள்வி கேட்ட ஒருவரின் திரையில் எழுத்தைப் பெரிதாக்கியதால் பட்டியலின் ஒரு பெயர் வெட்டுப்பட்டு, புட்டிஜஜ் பெயரை வாசிக்கவில்லை என்று பதில் சொன்ன ஒருவர் புகார் கொடுத்ததுதான் காரணம். ஒரு புகாருக்காக முழுக் கணிப்பையும் கைவிட்டார்கள். அந்த நேர்மைக்காக செல்சர் மேல் எனக்கு மரியாதை கூடியது. ஆனால் மேடை விதிக்கு அந்த மாதிரி மனசாட்சி கிடையாது.

பிப்ரவரி 7 இரவு க்ளோபுச்சார் அந்த மேடையில் இல்லாமல் போயிருந்தால் என் பக்கத்து வீட்டு அம்மாவின் ஓட்டு வேறு எங்கோ போயிருக்கும். புக்கர் அங்கே நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைப் பார்க்க எங்களுக்கு வாய்ப்பே தரவில்லை. அடுத்த முறை கட்சிகள் மேடைக்கு ஆள் எடுக்கும்போது 'இன்று தேர்தல் நடந்தால் யார்' என்ற ஒரு கேள்வியை மட்டும் அளவுகோலாக வைக்கக் கூடாது. 'யார் யாரையெல்லாம் பரிசீலிக்கிறீர்கள்' என்றும் கேட்டு, அந்த எண்ணையும் சேர்க்க வேண்டும். பல கணிப்பாளர்கள் இதை ஏற்கெனவே கேட்கிறார்கள். மூன்று பேரை மனதில் வைத்திருக்கும் வாக்காளரால் அந்தக் கேள்விக்கு மூன்று பெயரையும் சொல்ல முடியும்.